தூணின் மேல் விழுந்த குங்குமம்

நான் வேலை பார்க்கிற கட்டடத்தில் ஒரு ஊசி இருக்கிறது. அது இருக்கிற அறைக்குள் யாராவது குதிகாலை அழுத்தி நடந்தால் அதற்குத் தெரிந்துவிடும். கதவைப் படீரென்று சாத்தினால் தெரியும். வெளியே தெருமுனையில் டிராம் வண்டி திரும்பினால்கூடத் தெரியும். பக்கத்திலிருக்கும் கணினித் திரையில் நேராக ஓடிக்கொண்டிருக்கும் கோடு ஒன்று உடனே நடுங்கும். அதனால் அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறவன், அதாவது நான், பூனைபோலக் காலெடுத்து வைக்க வேண்டும். வாளியை ‘ணங்’கென்று தரையில் வைக்கக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவந்துதான் தும்ம வேண்டும். ஹார்ன் அடிக்காத டிரைவரை டிரைவர் என்றே ஒத்துக்கொள்ளாத கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த எனக்கு முதல் வாரம் அந்த அறைக்குள் மூச்சுவிடவே பயமாக இருந்தது. நான் பொதுவாகவே பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் படி இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், தன்னைவிட அதிகமாக நடுங்குகிற ஒரு கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறது இந்த ஜெர்மனி.

நான் இங்கே வந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. என் மனைவி மாரிச்செல்வியின் கெட்டிக்காரத்தனத்தால். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான். செல்வி நர்ஸ். கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, பஸ்சில் போகிற வருகிற நேரமெல்லாம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஜெர்மன் படித்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் அவள் ஏதோ மந்திரம் முணுமுணுக்கிறாள் என்று நினைத்தார்களாம். பரீட்சையில் தேறி அவள் முதலில் வந்தாள், பின்னாலே நான் வந்தேன். எங்கள் மகள் யாழினியை, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நான் பிறந்த பசுவந்தனையில், என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இங்கே எங்களுக்கு இருந்தது ஒரே அறை. நர்ஸ் விடுதியின் மாடியில், கட்டிலை மடக்கினால்தான் சோறு சாப்பிட இடம் கிடைக்கும். எனக்கும் நிரந்தர வேலை என்று ஆனால்தான் பெரிய வீடு எடுக்க முடியும், வீடு எடுத்தால்தான் மகளைக் கூப்பிட முடியும்.

நானோ ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. உளுந்து கருகி, பருத்தி பிஞ்சிலே உதிர்ந்துபோக, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். குச்சி அடுக்குவதில் ஆரம்பித்து மிஷின் ஓட்டுகிறவனாக ஆனேன். இந்த ஊரில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்த ஹெர் போக்ட், அதாவது திரு. போக்ட், “முன்பு என்ன வேலை?” என்று கேட்டபோது, வாய்ப் பழக்கத்தில் ‘ஆபீசில்’ என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என் கையைப் பார்த்தார். தீக்குச்சி மருந்து பட்டுப்பட்டு நகக்கண் பழுப்பேறிய கை. என்ன ஆபீஸ் இது என்று யோசித்திருப்பார். ஒன்றும் கேட்காமல் வேலை கொடுத்தார். ஆனால் ‘ப்ரோபெட்சைட்’ என்று ஒன்று வைத்தார். சோதனைக் காலம். அது முடிகிறவரை எந்த நாளும் ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்று சொல்லலாம்.

ஊசி அறையில் ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் பேர் யூலியா. காலையில் நான் துடைத்து முடிக்கிற நேரத்தில் வருவாள். என் ஜெர்மன் தேற வேண்டும் என்று அவளுக்கு ஏனோ அக்கறை. காப்பி டம்ளரோடு வாசலில் நின்று நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். ஒருநாள் இந்த ஊசி என்னதான் செய்கிறது என்று கேட்டுவிட்டேன். அவள் பளபளவென்று ஒரு சாம்பல் நிறச் சில்லை எடுத்தாள். சிலிகான், கைபேசிக்குள்ளே இருக்கிற பொருள் என்றாள். இரண்டு விரலால் வளைத்தாள். படக்கென்று தெறித்து உடைந்தது. அப்புறம் திரையைக் காட்டினாள். அதே பொருளில் செதுக்கிய தூண்கள், கோயில் பிராகாரம்போல வரிசையாக. ஒரு பக்கம் தடித்தவை, போகப்போக மெலிந்தவை. எல்லாம் சேர்ந்து ஒரு கடுகின் மேல் நிற்கும். கடைசி வரிசையில் இருக்கிற தூண் ஒவ்வொன்றும் தலைமுடியை நூறாக வகுந்தால் வருகிற ஒரு கூறைவிட மெல்லிசு. அவற்றின் தலையில்தான் ஊசி உட்கார்ந்து அழுத்தும்.

“தடித்த தூண் உடையும். மெல்லிசுத் தூண் உடையாது, வளையும், நசுங்கும்” என்றாள் யூலியா. “ஒரே பொருள்தான். அளவு மட்டும் வேறே.”

எனக்குப் புரியவில்லை என்பது என் மூஞ்சியில் தெரிந்திருக்கும். அவள் யோசித்துவிட்டுச் சேற்றைச் சொன்னாள். சேறு கனமாகக் கிடந்து காய்ந்தால் வெடிக்கும், மெல்லிசாகப் பூசிக் காய்ந்தால் வெடிக்காது. விரிசல் ஓடுவதற்கு உள்ளே இடம் வேண்டும். விரிசலை ஓடவைக்கிற சக்தியைச் சேர்த்துவைக்கக் கனம் வேண்டும். ரொம்பச் சின்னதுக்குள் விரிசலுக்கு ஓட வழியில்லை, அதனால் பொருள் வளைந்து கொடுத்துவிடுகிறது. எந்த அளவுக்குக் கீழே போனால் உடைகிறது வளைகிறதாக மாறும் என்பதைத்தான் அவள் அளக்கிறாள்.

துடைப்பத்தைப் பிடித்தபடி நான் பசுவந்தனைக்குப் போய்விட்டேன். சித்திரை வெயிலில் எங்கள் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு. அதே கரிசல் முதல் மழைக்கு உழப்போனால் கெண்டைக்காலில் அப்பிக்கொள்ளும். வீடு வரும்போது காய்ந்து தோலோடு தோலாக, ஒரு கீறல் இல்லாமல், கறுப்புக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும். ஒரே மண். காலிலே ஒரு குணம், காட்டிலே ஒரு குணம். பிறந்ததிலிருந்து மிதித்த மண்தான், இப்படி ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்ற வைத்தது அந்தப் பெண்ணின் படிப்பு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் முழுசாகக் கேட்டான். அப்புறம் கேட்டான்: “ஏலே, கரிசல் வெடிக்கும்னு கண்டுபிடிக்கதுக்கா அங்கன இம்புட்டுப் பெரிய கட்டடம்?”

“வெடிக்காததத்தாண்ணே கண்டுபிடிக்காவ. மெல்லிசா இருந்தா ஏன் வெடிக்கலன்னு.”

“நீயும் மெல்லிசாத்தான் இருக்க. எதுக்கெடுத்தாலும் பயத்துல வெடிச்சிருதியே, அது எப்படி?” பக்கத்தில் மதினி சிரிக்கிற சத்தம் கேட்டது. “சரி, அந்த ஊசி கெணத்துல தண்ணி எங்கன கெடக்குன்னு பாக்குமா?”

“பாக்காதுண்ணே.”

“அப்ப வையி போன.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் ஆயுத பூஜை வந்தது. சோதனைக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. தீப்பெட்டி ஆபீசில் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. முந்தின நாளே மிஷினையெல்லாம் கழுவித் துடைத்துவிடுவோம். மறுநாள் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்து, பொரிகடலையும் கடலை மிட்டாயும் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அதற்கப்புறம் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. வருஷம் முழுக்க மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள் அன்றைக்கு ஒருவருக்கொருவர் மெதுவாகப் பேசுவது வேடிக்கையாக இருக்கும். நமக்குச் சோறு போடுகிற சாமான் அன்றைக்கு ஓய்வாக இருக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிக்குத்தான் மறுபடி கையில் எடுக்க வேண்டும். சாமி நம்பிக்கையை விடுங்கள், இது மரியாதை.

இங்கே அது சாதாரண வேலைநாள். லீவு கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சோதனைக் காலத்தில் இருக்கிறவன் துடைப்பத்துக்கு லீவு கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஆனால் ஒன்றும் செய்யாமல் விடவும் மனசு கேட்கவில்லை. மதினி பெட்டிக்குள் திணித்து அனுப்பிய சந்தன, குங்குமப் பொட்டலங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். துப்புரவுச் சாமான் அறையில் என் தள்ளுவண்டியைத் துடைத்தேன். அதன் கைப்பிடியில், அங்கே இருந்த வாளிகளில், துடைப்பங்களில், வாக்குவம் கிளீனரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வாக்குவம் கிளீனருக்கு நெற்றி உண்டா என்று கேட்காதீர்கள், பொட்டு வைத்தபிறகு இருந்தது. கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு அதையே தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்கென்று யூலியா சீக்கிரம் வந்திருந்தாள். தூண்கள் நிற்கிற சில்லை மூடியைத் திறந்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துவிட்டு ஏதோ எடுக்கத் திரும்பியிருந்தாள். நான் வழக்கம்போலப் பூனை நடை நடந்து, ஊசி மேஜையைத் தொடாமல், பக்கத்து மேஜையைத் துடைத்து, துணியை ஒரு உதறு உதறி மடித்து வண்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் பாதி தூரம் போயிருப்பேன். உள்ளேயிருந்து அவள் குரல். கத்தவில்லை. இங்கே கோபம் வந்தால் குரல் இறங்கும். ‘ரோட்’ என்று கேட்டது. சிவப்பு. இது எங்கேயிருந்து வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என் கையுறையைப் பார்த்தேன். கைப்பிடிக் குங்குமம் முழுக்க உள்ளங்கையில் இருந்தது.

அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் பக்கம் போதாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பொட்டையெல்லாம் துடைத்துவிடலாம். காற்றுக் குழாயிலிருந்து வந்தது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். ஒற்றை அறை, மடக்குக் கட்டில், போனில் “எப்பப்பா கூப்பிடுவீங்க?” என்று கேட்கிற யாழினி, எல்லாம் வரிசையாக வந்தன. கால் மட்டும் என்னைக் கேட்காமல் அறைக்குள் திரும்பிப் போனது. பயந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மறைத்துவைத்துப் பயப்படுவது சொல்லிவிட்டுப் பயப்படுவதைவிடக் கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும்.

“நான்” என்று கையுறையை நீட்டினேன்.

அவள் என் உள்ளங்கையைப் பார்த்து மிரண்டுபோய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ரத்தம் என்று நினைத்துவிட்டாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தேவிட்டாள். அடிபடவில்லை, இது பொடி, பண்டிகைப் பொடி என்று புரியவைப்பதற்குள் ஹெர் போக்டும் வந்துவிட்டார். என்னைச் சாமான் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே வரிசையாகப் பொட்டு வைத்து நிற்கிற வாளிகளையும் துடைப்பங்களையும் பார்த்து அப்படியே நின்றார்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் உண்மையைச் சொன்னேன். “இன்றைக்கு இவற்றுக்கு விடுமுறை. நான் இவற்றிடம் வேலை வாங்கிவிட்டேன். அது தப்பு.”

அவர் முகம் வெளுத்தது. அவர் காதில் விழுந்தது வேறே. “இன்று உங்கள் மதப் பண்டிகை விடுமுறையா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? விடுமுறை நாளில் உங்களை நான் வேலைக்கு வரவைத்துவிட்டேனா? அப்படி ஒரு பேர் எனக்கு வரக் கூடாது, ஹெர் காளிராஜ்!” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த ஆளும் என்னை மாதிரித்தான், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற சாதி. எனக்கு இல்லை, வாளிக்குத்தான் விடுமுறை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வாளிக்கு எப்படி விடுமுறை கொடுப்பது என்று அவருக்கு விளங்கவேயில்லை. கடைசியில் கறாராகச் சொன்னார்: “அடுத்த வருஷம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் பொடி எதுவும் வரக் கூடாது. வேலை விஷயம், யூலியாவின் சாம்பிள் என்னவாயிற்று என்று பார்த்தபிறகு பேசலாம்.”

கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செல்வி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். யாழினியை எப்படிக் கூப்பிடப்போகிறோம் என்று அழாத குறை.

செல்வி கேட்டாள்: “நீங்களே போய்ச் சொல்லிட்டீங்களா?”

“ஆமா.”

“அப்பம் எதுக்கு இப்படி நடுங்குதீங்க? எங்க வார்டுல மருந்து மாத்திக் குடுத்தத உடனே சொன்னவளுக்கு ஒண்ணும் ஆவல. மறைச்சவதான் மாட்டுனா.” சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. “ஏங்க, ஊர்ல எல்லாரும் காருக்கும் லாரிக்கும் பொட்டு வைப்பாவ. நீங்க வாக்குவம் கிளீனருக்கு வச்சிருக்கீங்க. எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?”

“ஏட்டி, சும்மா இரு.”

“ஒரு பழம் வச்சு ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது” என்று சொல்லிக்கொண்டே உலை வைத்தாள். அன்றைக்கு அவள் ஊற்றிய ரசத்தை நான் தட்டிலேயே விட்டுவிட்டேன். அவள் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அவள் தைரியத்தில் பாதிதான் நான் உடுத்துகிறது, தின்கிறது எல்லாம்.

மறுநாள் விஜயதசமி. வண்டியைப் பொட்டில்லாமல் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். யூலியா கூப்பிட்டாள். அந்த அறைக்குள் அவள் என்னை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். ஒரே ஒரு குங்குமத் துகள், தடித்த தூண்களின் மேல் விழுந்திருந்ததாம். ஊதி எடுக்கும்போது அந்த வரிசை முறிந்துபோயிற்று. தடித்த தூண்களை மறுபடி செதுக்கிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய மெல்லிசுத் தூண்களுக்கு ஒன்றுமில்லை. “நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், இந்தச் சிவப்பு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் நான் எல்லா அளவையும் சந்தேகப்பட்டிருப்பேன். எதையும் வெளியிட்டிருக்க முடியாது” என்றாள். ஹெர் போக்டிடமும் இதையே சொல்லிவிட்டாளாம். பிறகு, “பாருங்கள், இன்றைக்கு அழுத்தப்போகிறேன்” என்று திரையைத் திருப்பினாள்.

ஊசி இறங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். முதலில் மிச்சமிருந்த ஒரு தடித்த தூண். அழுத்த அழுத்த அப்படியே நின்றது. சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. தெறித்துவிட்டது. அப்புறம் ஊசி மெல்லிசு வரிசைக்கு நகர்ந்தது. அது உடையும் உடையும் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். உடையவில்லை. கொஞ்சம் இடுப்பு பருத்தது. மெள்ள ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெயிலில் வைத்த கருப்பட்டி மாதிரி தன் தலையில் இருக்கிற பாரத்தை வாங்கிக்கொண்டு குந்தியது. ஊசி மேலே போனபிறகும் குள்ளமாக, தடியாக, அங்கேயே இருந்தது. யூலியா மேஜையில் தட்டப் போனவள், ஊசிக்குத் தெரிந்துவிடும் என்று கையைக் காற்றிலேயே நிறுத்திக்கொண்டாள். நானும் கைதட்டப் போய் நிறுத்தினேன். சத்தமில்லாமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த உலகத்தில் முதல் ஆளாக அவளும் இரண்டாவது ஆளாக நானும் அந்தத் தூண் குந்தியதைப் பார்த்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் பாதியில் மூடிய ஆள் நான். அந்தத் தரையைத் தூசி இல்லாமல் வைத்தவன் நான் என்பதும் அந்த அளவுக்குள் எங்கோ சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற, வெளிநாட்டில் கூட்டித் துடைத்துப் பாத்திரம் கழுவிப் பிழைக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கேட்டால் சொல்வார்கள். சோதனைக் காலம் முடிந்தது. ஹெர் போக்ட் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, அடுத்த ஆயுத பூஜை என்றைக்கு என்று கேட்டுத் தன் நாட்காட்டியில் வாளி படம் ஒன்று போட்டுக்கொண்டார். வாளிக்குத்தான் விடுமுறை என்பது அவருக்கு விளங்கியதா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தினாரா, இன்றுவரை தெரியாது.

கோடை விடுமுறையில் யாழினி வந்துவிட்டாள். இரண்டு அறை வீடு. மடக்கத் தேவையில்லாத கட்டில். எங்கள் கட்டடத்தை ஊர்க்காரர்கள் வந்து பார்க்கத் திறந்துவிடுகிற நாளில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். பூனை நடை நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். என்னைவிட நன்றாக நடந்தாள். நடைபாதைச் சுவரில் ஆராய்ச்சிப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று யூலியா மாட்டியது. அந்தத் துகளை ஊதி எடுப்பதற்கு முன்னால் எடுத்துவைத்த படம். முதலில் சிவப்பைக் காட்டியது சாதாரண நுண்ணோக்கி, இந்தப் படத்தை எடுத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல் வெள்ளைதான். அடியில் தூண்கள் புல்லு மாதிரி நிற்க, நடுவில் வெடிப்பும் மடிப்புமாக ஒரு பெரிய பாறை உட்கார்ந்திருக்கிறது. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவன் நான். கோவில்பட்டியிலிருந்து பஸ்சில் போகும்போது திடீரென்று சன்னலில் எழும்புகிற கழுகுமலை எனக்கு ஞாபகம் வரும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யாழினி அண்ணாந்து பார்த்தாள். “அப்பா, இது கழுகுமலைதான? பங்குனி உத்திரத்துக்குப் பெரியப்பா கூட்டிட்டுப் போனாவள்ல.” கீழே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தாள். யூலியா என்னிடம் கேட்டுத் தமிழிலும் எழுதியது அது: ‘கோவில்பட்டி. ஒரு துகள்.’

“நம்ம ஊருதான்பா! எங்கன நின்னு எடுத்தாவ?”

துகள் என்றால் என்ன, எப்படி அது தூண் மேல் வந்தது, எல்லாம் சொல்ல வாய் திறந்தேன். எதிரே ஊசி அறையின் கதவு மூடியிருந்தது. அதைத்தான் காட்ட முடிந்தது.

“இங்கன இருந்துதான்” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நடைபாதைக் கடைசியில் இருக்கிற சன்னலுக்குப் பூனை நடை நடந்து போய், நுனிக்காலில் எம்பி, மலை தெரிகிறதா என்று வெளியே பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.